ஓரத்து மஞ்சள்

அக்காவை நினைத்தால் முகத்துக்கு முன்னால் எனக்குத் துணியின் ஓரம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. டாப்ஸோ சேலையோ எதுவானாலும், கீழ்மடிப்பில் உள்பக்கமாகச் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். புதுத்துணியை உடுத்துவதற்கு முன் ஓரத்தில் மஞ்சள் தடவுவது ஊரில் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் வீட்டில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடக்கும். அக்கா வீட்டில் அது வாரா வாரம் நடந்தது.

அவள் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால், "என்னிய கேக்காம எப்டிடி என் பேர எய்தின?" என்று எங்கிருந்தாலும் சண்டைக்கு வந்து நிற்பாள். தன்னுடையதை யாரும் தன்னைக் கேட்காமல் தொடக் கூடாது. அடுத்தவருடையதைத் தானும் தொட மாட்டாள். அவளுடைய மொத்தக் குணமும் இதற்குள் அடங்கிவிடும். 'அவர்' என்று மரியாதை போட்டும் எழுதப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் அக்காவை வா, போ என்றுதான் பேசுவோம். 'அவர்' போட்டால் வேறு யாரையோ பற்றி எழுதுவது மாதிரி ஆகிவிடும்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் கம்பெனி இருந்தது. வெளிநாட்டுப் பெண்களுக்கு டாப்ஸும் பாவாடையும் தைத்து அனுப்பும் கம்பெனி. தைத்து வரும் துணியில் தொங்குகிற நூலை வெட்டுவது என் வேலை. அக்கா பேக்கிங்கில் இருந்தாள். இஸ்திரி போட்டு, மடித்து, கவரில் நுழைத்து, அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவள் இன்னும் முப்பதைத் தொடவில்லை. நான் டோல்கேட்டிலிருந்து வருவேன், அவள் எர்ணாவூரிலிருந்து எதிர்த்திசையில் வருவாள். இருவருக்கும் ஷேர் ஆட்டோ சந்து முனையில்தான் நிற்கும்.

நான் வேண்டுமென்றே ஐந்து நிமிடம் முன்னதாக வந்து நிற்பேன். கன்டெய்னர் லாரிகள் கிளப்பிவிட்ட புழுதிக்கு நடுவில் அவளுடைய ஆட்டோ வந்து நிற்கும். அதிலிருந்து இறங்குகிற பத்துப் பெண்களும் ஒரே மாதிரி களைத்துப்போய் இறங்குவார்கள். அக்கா மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி இறங்குவாள். திங்கட்கிழமை கருநீல டாப்ஸ் மேல் பச்சைத் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்திருப்பாள். செவ்வாய்க்கிழமை அரக்குச் சேலை, அதற்கு நீளக் கையுடன் ஒரு ரவிக்கை. புதன்கிழமை வெள்ளைச் சட்டையை இடுப்பருகில் முடிச்சுப் போட்டு, கீழே பூப்போட்ட பாவாடை. ஒருநாள் கணுக்கால் வரைக்கும் ஒரு நீளக் கவுன் போட்டு வந்தாள். அன்றைக்கு டெய்லர் பெண்கள் எல்லாருமே மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "துபாயிலேர்ந்து யாரோ அனுப்பிச்சிகீறாங்க" என்று ஒருத்தி சத்தியமே செய்தாள்.

நான் சும்மா பார்ப்பதோடு நிற்கிற ஆள் இல்லை. நூல் வெட்டுகிறவளுக்குக் கண் தானாகவே ஓரத்துக்குப் போகும். அவள் படியேறும்போது பின்னாலேயே போய் ஓரத்தைப் பார்ப்பேன். அங்கே பளிச்சென்று மஞ்சள் இருக்கும்.

"புதுசாக்கா?"

"புதுசுதான்!"

வேறு பேச்சில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு போய்விடுவாள். எனக்கு இருந்தவை மூன்று சுடிதார். அதில் ஒன்றுக்கு அக்குளில் தையல் விட்டிருந்தது. எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

அவளுக்கென்று சில பேச்சுகள் உண்டு. "பீரோவுல தொங்கினா அது துணி. மேல ஏறினாத்தான் டிரெஸ்ஸு" என்பாள். யாராவது தீபாவளிக்கு எடுத்ததை ஒரே ஒரு தடவை கட்டிவிட்டு மடித்து வைத்திருப்பதாகச் சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. "பாவம்டி அது. செயிலுல போட்டாப்புல போட்டு வெச்சிகீற" என்று திட்டுவாள். கம்பெனியில் எங்கள் எல்லாருக்கும் ஒரே நிற ஏப்ரன் கொடுத்திருந்தார்கள். அதைக்கூட அவள் எங்களைப் போல் கட்ட மாட்டாள். நாடாவை முதுகில் குறுக்கே விட்டு முன்னால் கொண்டுவந்து, பக்கவாட்டில் ஒரு பூமுடிச்சு போடுவாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கம்பெனியில் ரிஜெக்ட் பீஸ் கொடுப்பார்கள். தையல் கோணிப்போனது, நிறம் மாறியது, பட்டன் இடம் தவறியது எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிடுவார்கள். ஆளுக்கு இரண்டு சும்மா எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அள்ளுவோம். அந்த வருடம் நான் ஒரு டாப்ஸின் ஒரு கையை மட்டும் ஜெயித்துக்கொண்டு வந்தேன். மறு கை இன்னொருத்தியிடம் இருந்தது. டாப்ஸ் எங்கள் நடுவில் கிழிந்தே போனது. அக்கா சுவரோரமாக உட்கார்ந்து தக்காளி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சும்மா குடுக்கறாங்கக்கா. போய் எட்த்துக்க."

"தரையில கொட்னது எனுக்கு வேணாம்."

அன்றைக்குத்தான் சொன்னாள். அவள் பிறந்தது காசிமேட்டுக் கடலோரக் குப்பத்தில். சுனாமி வந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வீடு போனது. ஆட்கள் எல்லாரும் தப்பிவிட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து லாரிகள் வர ஆரம்பித்தன.

"லாரி லாரியா பழந்துணிடி. ரோட்டோரமா கொட்டிட்டுப் பூட்டானுங்க. மலையா குவிஞ்சி கெடக்குது. மீன் விக்கற பொம்பளக்கி கியிஞ்ச ஜீன்ஸு. வல இயுக்கற ஆம்பளக்கி குளுருக்குப் போட்ற கோட்டு. ஒரு பாவாடய எட்த்துப் பாத்தேன். நாடாவ உருவிகினு குட்த்துகீறா எவளோ ஒருத்தி. நாடாவக் கூட வுட மன்சு வர்ல அவளுக்கு."

சொல்லும்போது அவள் அழவில்லை. சோற்றை உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"எங்கிட்ட ஒடம்பு மேல இருந்தது ஒரு பாவாட, ஒரு சட்ட, ஒரு தாவணி. ஸ்கூலு தொறக்கறவரிக்கும் அந்த மூணயும் மாத்தி மாத்தி உடுத்தினேன். தாவணிய ஒரு நாளு சேலயாட்டம், ஒரு நாளு சட்டைக்கு மேல கோட்டாட்டம், ஒரு நாளு பாவாடக்கி ரெண்டாவது அடுக்கா. கேம்புல கீற பொண்ணுங்கோ 'இவளுக்கு மட்டும் எங்கேந்து புச்சு கெடைக்குது'ன்னு பேஜாரு பண்ணாளுங்க. கடலு எங்க வூட்டத்தான் எட்த்துகினு போச்சி. நானு யார் போட்ட பழசயும் தொடல. இன்னிக்கி வரிக்கும் தொடல."

இதைக் காதால் கேட்டவள் நான். கேட்டும், அவளுடைய துணி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு உறைக்கவில்லை. அந்தப் பழைய கதையையும் சந்து முனையில் நான் பார்க்கிற புதுத்துணியையும் என் மண்டை சேர்த்துப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் மஞ்சள் இருந்தால் அது கடையில் வாங்கிய புதுசு. எங்கள் ஊரில் வேறு எப்படியும் நினைக்க மாட்டோம்.

பொங்கல் கழிந்து ஒருநாள், சாப்பாட்டு நேரத்தில், நான் வாயை விட்டேன். கைகழுவும் இடத்தில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். அக்கா அப்போதுதான் தாண்டிப் போனாள்.

"அக்காவுக்கு இன்னிக்கும் புதுசு. மஞ்ச கூட காயல. நம்பளும் அதே சம்பளந்தான் வாங்கறோம். அக்காவுக்கு மட்டும் எங்கேந்துதான் வருதோ!"

சும்மா சிரிப்பதற்குச் சொன்னதுதான். எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல், "மெய்தான், எங்கேந்து வருது?" என்றாள். நான் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு ஆர்டரில் பதினோரு டாப்ஸ் குறைந்தது. மாலை ஐந்தரைக்கு மணி அடித்தும் எங்களை விடவில்லை. வாசலில் சோதனை செய்கிற அம்மா எல்லார் பையையும் கொட்டிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் ஃப்ளோருக்கு ஒரு இன்சார்ஜ் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் மேலே இருப்பவர்கள் போனில் கத்தினால் கீழே இருப்பவர்கள் மேல் எரிந்து விழுகிறவர். அவர் எல்லாரையும் நிற்க வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"நீ இங்க வா. வாரா வாரம் புதுசு போடுறியாம். ஓரத்துல மஞ்சள் கூட காயலையாம். சம்பளம் எல்லாருக்கும் ஒண்ணுதானே, உனக்கு மட்டும் எங்கிருந்து வருது?"

என் வார்த்தைகள் அவர் வாயிலிருந்து வந்தன. ஒன்றுகூட விடுபடவில்லை.

"ரிஜெக்ட் பீஸ் சும்மா குடுத்தாலும் வேணாம்பியாமே. நல்ல பீஸாவே கிடைக்கும்போது ரிஜெக்ட் எதுக்கு, இல்ல?"

ஹாலில் முந்நூறு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் இறுகியது. யார் போட்ட பழசையும் தொடாதவள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவளை, எல்லார் முன்னாலும் துணித் திருடி என்று சொல்லியாகிவிட்டது.

"திங்கக்கெயம சொல்றேன் சார்" என்றாள்.

"இப்பவே சொல்லு."

"இப்ப சொன்னா வாயால சொல்றதாப் பூடும். திங்கக்கெயம கையால காட்றேன்."

"காட்டலன்னா திங்கக்கிழமையோட கணக்கை முடிச்சிக்கோ. வேலைக்கு வர வேணாம்."

அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். குனியவில்லை. ஏப்ரனின் பூமுடிச்சுகூட அவிழவில்லை. நான் பின்னாலேயே ஓடி 'நான்தான் சொன்னேன் அக்கா' என்று சொல்லியிருக்க வேண்டும். இன்சார்ஜிடமாவது போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. பயந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் வீட்டில் என்னைக் காய்ச்சலா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

திங்கட்கிழமை அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கருநீல டாப்ஸ், கறுப்புப் பேண்ட். கையில் துணிக்கடைக் கட்டைப்பை ஒன்று. நேராக மாடியேறி, துணியைச் சோதிக்கிற வெள்ளை விளக்கு மேஜையின் மேல் பையைக் கவிழ்த்தாள்.

"மேல ரெண்டு, பையில அஞ்சு. மொத்தம் ஏயி. இதான் என் பீரோ. உள்ள போட்றது கணக்குல வராது" என்றாள்.

பெண்கள் சிரித்துவிட்டார்கள். இன்சார்ஜ் சிரிக்கவில்லை. மேஜையில் கிடந்தவற்றை எனக்குப் பார்த்ததும் தெரிந்தது: அரக்குச் சேலை, பூப்போட்ட பாவாடை, பச்சைத் துப்பட்டா, வெள்ளைச் சட்டை. ஐந்தாவதாக ஒரு பழுப்பு நிற நைட்டி. எல்லாமே துவைத்துத் துவைத்து நைந்தவை. தூக்கிப் பார்த்தால் வெளிச்சம் தெரியும்.

"இந்தச் சட்ட எங்க வூட்டுக்காரருது. டிரெய்லரு லாரி ஓட்றாரு. கட்டிகினவன் சட்ட என் சட்டதான், அதுல கேஸு போட முடியாது" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து விரலை நீட்டினாள். "நீ வாடி இங்க. ஓரத்தப் புட்சிக்க."

என்னைத்தான் கூப்பிட்டாள். ஏன் என்னை என்று அப்போது புரியவில்லை. போய் மேஜையருகில் நின்றேன்.

அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையில் நான்கு பெண்கள் ஒரு விரிப்பைத் தூக்கிப் பிடித்தார்கள். அக்கா அதற்குப் பின்னால் போனாள், வந்தாள், போனாள், வந்தாள். கருநீல டாப்ஸ் சேலைக்குள் போய் நீளக் கை ரவிக்கை ஆனது. செவ்வாய்க்கிழமை நாங்கள் பார்த்த ரவிக்கை அதுதான். சேலை நான்காக மடிந்து, இடுப்பில் நாடா ஏறி, பாவாடை ஆனது. பூப்போட்ட பாவாடை மார்புக்கு ஏறி, வெள்ளைச் சட்டை மேலே விழுந்தபோது முழங்கால் வரை ஒரு டாப்ஸாக நின்றது. எதையும் அவள் வெட்டியிருக்கவில்லை. ஊக்கு, நாடா, பிரித்தால் வந்துவிடுகிற ஓட்டுத் தையல், இவ்வளவுதான்.

கடைசியாக அந்த நைட்டியோடு உள்ளே போனாள். மேலே சட்டையைப் பொத்தான் போடாமல் விட்டு, இடுப்பில் துப்பட்டாவைக் கச்சை மாதிரி இறுக்கி, கணுக்கால் தெரிய நடந்து வந்தாள். துபாயிலிருந்து வந்தது என்று ஒருத்தி சத்தியம் செய்தாளே, அந்தக் கவுன்.

"அடிப்பாவி, நைட்டியா!" என்று அதே பெண் கத்தினாள். ஹாலே அதிர்ந்தது.

இன்சார்ஜ் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் விடவில்லை. "சரிம்மா, கெட்டிக்காரிதான். ஆனா ஏழுதான்னு நான் எப்படி நம்புறது? வீட்டுல இன்னும் எழுபது வெச்சிருக்கலாம். புதுசுன்னு மஞ்சள் வெச்சதை இவங்கெல்லாம் பார்த்திருக்காங்களே."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தக் கருநீலத்தத் திருப்புடி. ஓரத்துல எத்தினி பொட்டு கீதுன்னு சத்தமா எண்ணு."

அவள் கழற்றிப் போட்டிருந்த டாப்ஸை எடுத்துத் திருப்பினேன். விளக்கு வெளிச்சத்தில் கீழ்மடிப்பு முழுதும் தெரிந்தது. ஒரே ஒரு பொட்டு அல்ல. வரிசையாகப் பொட்டுகள். ஒன்று பளிச்சென்று இருந்தது, அதற்கு அடுத்தது சற்று மங்கல், அதற்கு அடுத்தது இன்னும் மங்கல், கடைசியில் இருந்தவை வெறும் நிழலாகத் தெரிந்தன. நான் ஓரத்தை விரலால் நகர்த்தி நகர்த்தி எண்ணினேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. முப்பத்தொன்று.

"உங்க வூட்ல புதுத்துணிக்கி எத்தினி பொட்டு வெப்பாங்க சார்?"

"ஒண்ணு."

"இதுல முப்பத்தொண்ணு. ஒரே டாப்ஸு முப்பத்தோரு தபா எனுக்குப் புச்சாயிகீது. திருடிகினு வந்ததா இருந்தா ஒரு பொட்டுதான சார் இருக்கணும்?"

இன்சார்ஜ் மேஜைக்கு வந்து தானே குனிந்து பார்த்தார். சேலையைத் திருப்பினார், பாவாடையைத் திருப்பினார், அந்த நைட்டியையும் திருப்பினார். எல்லாவற்றிலும் வரிசை.

"துவைச்சா மஞ்சள் போயிடுமே" என்றார், கடைசியாக ஒரு சந்தேகத்தோடு.

இஸ்திரி பிரிவிலிருந்து எர்ணாவூர்க்காரி ஒருத்தி குரல் கொடுத்தாள். "வெயில்ல காஞ்சாத்தான் சார் மஞ்ச போவும். எங்க பக்கம் வெளில துணி போட்டா அனல்மின் நெலையத்து சாம்பலு வந்து ஒக்காந்துக்கும். நாங்கல்லாம் வூட்டுக்குள்ளாறதான் கொடி கட்றது. எங்கூட்டுக்கு வந்து பாருங்க, எம்பொண்ணு மூணு வருசத்துக்கு மிந்தி போட்ட தீபாவளி பாவாடைல இன்னும் மஞ்ச கீது."

அவர் நிமிர்ந்தார். ஓரத்து மஞ்சளை அவர் வீட்டிலும்தான் பார்த்திருப்பார், அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தப் பதினோரு டாப்ஸ் அன்று மத்தியானமே கிடைத்தது. வேறு சைஸ் பெட்டிக்குள் மாற்றி அடுக்கியிருந்தார்கள். இன்சார்ஜ் அக்கா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "சரிம்மா, கிடைச்சிடுச்சு. மனசுல வெச்சிக்காத" என்றார்.

"சனிக்கெயம நீங்க சொன்னது கடைசி மிஷினு வரிக்கும் கேட்டுச்சி சார். இது எனுக்கே சரியாக் கேக்கல."

அவர் சிவந்துபோனார். ஒரு கணம் எரிந்து விழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஹால் நடுவுக்குப் போய், "பீஸ் கிடைச்சிடுச்சு. அந்தம்மா எதையும் எடுக்கல. நான் சொன்னது தப்பு" என்று கடைசி மிஷின் வரைக்கும் கேட்கச் சொன்னார். டெய்லர் பெண்கள் துணி வைக்காமலேயே மிஷின் பெடலை அழுத்தினார்கள். அத்தனை மிஷினும் ஒரே சமயத்தில் ஓடிய சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. கைதட்டல் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. நான் நூல் வெட்டுகிறவள், என்னிடம் மிஷின் இல்லை. கையில் இருந்த கத்தரியைத் திறந்து மூடித் திறந்து மூடி அழுதுகொண்டிருந்தேன்.

மாலையில் சந்து முனை வரை அவளுக்குப் பின்னாலேயே நடந்து போய், ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். "அக்கா, அத்த மொதல்ல சொன்னது நான்தான்."

"தெரியும்."

"எப்டிக்கா?"

"மஞ்ச கூட காயலன்னு அந்தாளு சொன்னான்ல. குனிஞ்சி ஓரத்தப் பாக்கறவ இந்தக் கம்பெனில நீ ஒருத்திதாண்டி. அதான் ஒன்னியக் கூப்ட்டு ஓரத்தப் புடிக்க வுட்டேன். எண்ணினியே, நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"கோவம் கீது. ரெண்டு நாளு எங்கிட்டப் பேசாத."

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஆட்டோவிலிருந்து இறங்கி நேராக என் முன்னால் வந்து நின்று, ஒரு சுற்றுச் சுற்றினாள். துப்பட்டாவை இரண்டாக மடித்து இரண்டு தோளிலும் தொங்கவிட்டிருந்தாள். "இன்னா, வாயத் தொற. கேக்க மாட்டியா?" என்றாள். "புதுசாக்கா?" என்று கேட்டேன்.

"புதுசுதான்!"

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எர்ணாவூரில் அவள் வீட்டுக்குப் போனேன். நான்காவது மாடி. அடுப்படியிலிருந்து வாசல்வரை நைலான் கயிறு. துணிகளை எல்லாம் பாயில் விரித்துப் போட்டுவிட்டு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரம் அசையவில்லை. "இன்னாக்கா பண்ணிகினு கீற?" என்றால், "கம்னு இரு, பேசிகினு கீறேன்" என்று துணியைக் காட்டினாள். வெட்டித் தைத்தால் இன்னும் நன்றாக வருமே என்று நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். "வெட்னா அதுக்கு ஒரு உருவந்தான். வெட்டாம வுட்டா எத்தினி தபா வேணாலும் பொறக்கும்" என்றாள். எல்லாம் முடிந்ததும் மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து, ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, உதட்டைக் குவித்து ஊதினாள். அவள் முகத்தில் அப்போது இருந்த கர்வத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. அவளோடு வேலை செய்தவள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

என் கல்யாணம் அதற்கு அடுத்த வருடம் ராயபுரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இருபது பேரும் ஒரே நிறத்தில் சொல்லி வைத்து எடுத்த சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போதெல்லாம் எல்லா விசேஷத்திலும் அதுதானே வழக்கம். நான் மேடையில் கழுத்து நிறைய மாலையோடு நின்றிருந்தேன். அக்கா மண்டபத்தின் கடைக்கோடி வாசல் வழியாக வந்தாள்.

அதே அரக்குச் சேலை. எனக்கு அதன் ஒவ்வொரு நைந்த இடமும் தெரியும். ஆனால் தலைப்புக்கு மேல் பச்சைத் துப்பட்டாவை ஓட்டுத் தையல் போட்டு இணைத்து, அதை விசிறிமடிப்பாகத் தோளில் நிறுத்தி, உள்ளே அந்த வெள்ளைச் சட்டையைக் காலர் தெரிய ரவிக்கையாகப் போட்டிருந்தாள். ஒரே நிறத்தில் உட்கார்ந்திருந்த இருபது பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். என் மாமியார் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் நானும் கேட்டவள்தானே.

மணப்பெண் மேடையில் கத்தக் கூடாது என்று காலையிலிருந்து எல்லாரும் சொல்லி வைத்திருந்தார்கள். எனக்கு அது நினைவிருந்தது. நினைவு இருந்தும் கத்தினேன்.

"எங்கக்காவுக்கு இன்னிக்கும் புதுசு! மஞ்ச கூட காயல!"

மண்டபமே திரும்பியது. மாப்பிள்ளை திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அக்கா நடு வழியில் நின்றாள். நூறு பேர் பார்க்க, குனிந்து சேலையின் ஓரத்தைக் கையில் எடுத்து, மேடையைப் பார்த்து உள்பக்கமாகத் திருப்பிக் காட்டினாள்.

அங்கே வரிசையின் முனையில் ஒரு பொட்டு, இன்னும் ஈரமாக இருந்தது.